தேய்ந்துபோன 3061

மூண்டா
6 மார்ச் 2011, ஞாயிறு

அன்புள்ள தியா,

நான் நலம். முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். திராட்சை அறுவடை நேரம். ஆங்கஸ்டன் தெருவெல்லாம் புளித்த வாசனை அடித்துக்கொண்டிருக்கும்.

காரியமாகத்தான் எழுதுகிறேன், அதற்கு முதலிலேயே மன்னித்துவிடு. நம் நம்பர் பிளேட் விஷயம். 1986-இல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு நூற்றைம்பது வயது ஆனபோது வரிசையில் நின்று வாங்கினோமே, அந்த ஜூபிலி பிளேட் தேய்ந்துவிட்டது. பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஏப்ரல் முப்பதுக்குள் பழைய பிளேட் இரண்டையும் ஒப்படைத்து, அதே எண்ணில் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 3061 என்ற எண்ணையே ரத்து செய்துவிடுவார்களாம். ரத்தானால் ஆனதுதான். அப்புறம் தலைகீழாக நின்றாலும் திரும்பக் கிடைக்காது.

எண் நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. எனக்கே அது மறந்துபோயிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்: "ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும் சார். வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்க." கூட்டிக்கொண்டு வர அவள் என்ன அடுத்த தெருவிலா இருக்கிறாள் என்று வாய்வரை வந்துவிட்டது. படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்று, எண் இருவர் பெயரிலேயே தொடர. இன்னொன்று, ஒருவர் பெயருக்கு மாற்ற. உன் சௌகரியம் தெரியாததால் இரண்டையும் காலியாக விட்டிருக்கிறேன். பென்சிலில் குறி போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

மே மாதம் கார்னிஷ் திருவிழா. பழைய கார் ஊர்வலத்துக்கு இந்த முறையும் ஜேகோ ட்ரெம்பாத்தான் தலைவன். "உன் ஹோல்டன் இல்லாம ஒரு ஊர்வலமா? பொண்ணு இல்லாத கல்யாணம் மாதிரியில்ல இருக்கும்!" என்று தினமும் வேலிக்கு மேலே தலையை நீட்டுகிறான்.

ஆப்ரிகாட் இந்தக் கோடையில் கிளை ஒடியக் காய்த்தது. ஜாம் போட ஆளில்லாததால் கிளிகள் தின்றன. கிளிகளுக்கு நல்ல வருடம்.

லின்சே


ஆங்கஸ்டன்
13 மார்ச் 2011

அன்புள்ள லின்சே,

உன் கடிதம் வந்தது. நலமாக இருக்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. டாக்டர் கொடுத்த தைலத்தை அலமாரியில் அழகுக்கு வைக்காதே.

பிளேட் "தேய்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாயே, தானாகவா தேய்ந்தது? இருபத்திரண்டு வருடம், சனிக்கிழமை தவறாமல் பித்தளை பாலிஷை ஊற்றித் தேய்த்தது யார்? எண்கள் மேடாக எழும்பி நிற்கின்றன, துணி முதலில் அங்கேதான் படும், பெயிண்ட் போய்விடும் என்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். "அழுக்குதான் போகுது, நீ உள்ள போ" என்பாய். துணியில் கறுப்பாக ஒட்டியிருந்தது அழுக்கில்லை லின்சே, 3061. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் கார்தான் பிள்ளை என்று நானும் விட்டுவிட்டேன். மற்றவர்கள் பிளேட் வெயிலிலும் புழுதியிலும் வீணாகும். அக்கறையால் வீணானது இந்த மாநிலத்தில் உன்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

என் அக்கா ஹெடியின் பிளேட்டைப் பார். அன்று வரிசையில் நமக்குப் பின்னால் நின்று 3062 வாங்கினாள். "உங்க வாலைப் பிடிச்சுட்டு வர்றேன்" என்று வழியெல்லாம் சிரித்தாள். ஒருநாளாவது அதைக் கழுவியிருப்பாளா? சேறு ஒட்டும், காயும், உதிரும். இன்றைக்கும் எண் பளிச்சென்று இருக்கிறது. அந்தக் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன்.

உன் காருக்கு என்ன? நீ நூல் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தே போவதாக அடுத்த வீட்டு மெர்ல் எழுதியிருந்தாள். முழங்கால் வலியோடு எதற்கு இந்த நடை?

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இங்கேயும் நான் சமாதான நீதவான்தான். செவ்வாய்க்கிழமை மதியம் நூலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, ஊரார் படிவங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது, "காலிக் கட்டத்துக்குக் கீழ கையெழுத்துப் போடாதீங்க." ஊருக்குச் சொல்லிவிட்டு நானே போடலாமா? எந்தக் கட்டம் என்று நீயே குறித்து அனுப்பு. ஆறாவது விதியையும் நீ படிக்கவில்லை போலிருக்கிறது. பிளேட் பற்றி முன்பு ஏதாவது நோட்டீஸ் வந்திருந்தால் அதன் நகலை இணைக்க வேண்டும்.

மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது. ஒரு தகரத்தை வாராவாரம் துடைக்க நேரமிருந்தவனுக்கு, ஹெடியின் இறுதிச் சடங்குக்கு இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி வர முடியவில்லை. தேவாலயத்தில் முதல் வரிசையில் என் பக்கத்தில் உனக்கு இடம் வைத்திருந்தேன். பாதிரியார் எழுந்து நின்ற பிறகும் யாரையும் உட்கார விடாமல் கைப்பையை வைத்திருந்தேன். சாயங்காலம் போன் செய்து ஏன் என்று கேட்டேன். "வர முடியலை" என்றாய், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் ஊர் திரும்புவதாக இருந்தவள் அதனால்தான் இங்கே ஹெடியின் வீட்டிலேயே இருந்துவிட்டேன். போனில் பேசினால் கத்துவேன், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று எழுதியதும் அதனால்தான். மூன்று வருடமாகியும் ஆறவில்லை.

தி. ரோடா
சமாதான நீதவான்


மூண்டா
22 மார்ச் 2011

அன்புள்ள தியா,

கைப்பை விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. அதற்குப் பதில் எழுத இப்போது தைரியமில்லை. கேட்ட விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

பிளேட் பற்றி நீ சொன்னது அத்தனையும் சரி. போன மாதம் நானே சரிசெய்து பார்ப்போம் என்று சின்னத் தூரிகையும் கறுப்புப் பெயிண்டும் வாங்கி உட்கார்ந்தேன். கை நடுங்கியதில் 3061 என்பது 8061 ஆகிவிட்டது. ஜேகோ வந்து பார்த்தான். "யார் வண்டிடா இது? திருடிட்டு வந்தியா?" என்றான். அவசரமாகத் தின்னரை ஊற்றித் துடைத்தேன். புதிதாக வைத்த பெயிண்டும் அதோடு போயிற்று. இப்போது இரண்டு பிளேட்டும் முகம் பார்க்கிற கண்ணாடியாக இருக்கின்றன. எண் வேண்டுமென்றால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கட்டத்தைக் குறித்துவிட்டேன். எண்ணை உன் பெயருக்கே மாற்றச் சொல்லியிருக்கிறேன். யோசித்துத்தான் செய்தேன். 3061-ம் 3062-ம் ஒரே வீட்டில் இருக்கட்டும். அன்று வரிசையில் இருந்தபடி அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில். என்னிடம் விட்டால் புது பிளேட்டையும் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். ஊர்வலத்துக்கு வரவில்லை என்று ஜேகோவிடம் சொல்லியாகிவிட்டது. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இப்போது பரவாயில்லை.

ஆறாவது விதிக்கான தாள், கடைசியில் இருக்கிறது. பழைய நோட்டீஸின் நகல். அதில் படிக்க ஒன்றுமில்லை. அப்படியே பின் போட்டு வைத்துவிடு.

லின்சே


ஆங்கஸ்டன்
28 மார்ச் 2011

லின்சே,

படிக்க ஒன்றுமில்லை என்று நீ எழுதினால் நான் படிக்காமல் இருப்பேனா? கல்யாணமாகி நாற்பது வருடமாகிறது. இன்னுமா என்னைத் தெரியவில்லை?

நோட்டீஸின் தேதி 12 ஜூன் 2008. நேரம் காலை 9.10. இடம், போர்ட் வேக்ஃபீல்ட் நெடுஞ்சாலை. குற்றம், படிக்க முடியாத நம்பர் பிளேட். அதிகாரியின் கையெழுத்தில் கீழே: "ஓட்டுநர் இறுதிச் சடங்குக்குப் போவதாகச் சொல்கிறார். கறுப்புக் கோட்டு. பின்சீட்டில் பூங்கொத்து, நீல நிறக் கேக் டப்பா. வீடு திரும்ப மட்டும் அனுமதி."

அன்று பதினொன்றரை மணிக்கு ஹெடியின் சடங்கு.

அந்த நீல டப்பா ஹெடியுடையது. அதை இந்த வீட்டில் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீ புறப்பட்டு வந்திருக்கிறாய். பாதி வழி வந்திருக்கிறாய். அதை என்னிடம் சொல்லாமல் மூன்று வருடம் உன்னை வெறுக்க விட்டிருக்கிறாய். எனக்கு வருகிற கோபத்தில் இந்தப் பேனா உடையும் போலிருக்கிறது. ஏன் சொல்லவில்லை? இதற்குப் பதில் வராமல் எந்தப் படிவத்திலும் என் கையெழுத்து விழாது.

தியா


ஆங்கஸ்டன்
8 ஏப்ரல் 2011

லின்சே, பத்து நாளாயிற்று. எங்கள் தபால்காரர் நல்ல மனிதர், அவர்மேல் பழி போடாதே. எழுது.

தியா


மூண்டா
10 ஏப்ரல் 2011

அன்புள்ள தியா,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழித்துவிடப் போகிறேனோ என்று, உறையில் முதலிலேயே தபால்தலையை ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஹெடி கடைசியாக இங்கே வந்தபோது அந்த டப்பாவில்தான் கேக் கொண்டுவந்தாள். "டப்பா திரும்பி வரணும், காலியா வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் பசியோடு இருப்பார்களே என்று அதில் பன்னிரண்டு பாஸ்டி சுட்டு வைத்தேன். மாவு கொஞ்சம் கெட்டி. உள்ளே வைத்த கிழங்கும் கறியும் நன்றாகவே வந்திருந்தன. தோட்டத்தில் கடைசியாகப் பூத்த வெள்ளைச் சாமந்தியைப் பறித்துக் கட்டினேன். எட்டு மணிக்குக் கிளம்பினேன்.

ஒன்றை மறைத்து என்ன ஆகப்போகிறது? முந்தின நாள் புதன்கிழமை. பாலிஷ் போடுகிற நாளே இல்லை. ஆனால் ஹெடிக்குப் போகிற கார் அழுக்காகப் போகக்கூடாது என்று இரண்டு முறை பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். அதில்தான் கடைசிப் பெயிண்டும் போயிற்று.

போர்ட் வேக்ஃபீல்டில் ஒரு போலீஸ்காரப் பெண் கை காட்டினாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான பெண்.

"இதுல என்ன நம்பர் சார் இருக்கு?"

"3061."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியணுமே?"

"கொஞ்சம் சாய்ஞ்சு, வெயில் படற பக்கமா பாரும்மா, தெரியும்."

பாவம், அவள் உண்மையிலேயே குனிந்து சாய்ந்து பார்த்தாள். "உங்க முகம்தான் சார் தெரியுது" என்றாள்.

எங்கே போகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். "மனசுக்குக் கஷ்டமாத்தான் சார் இருக்கு. ஆனா இந்த வண்டியை மேற்கொண்டு விட முடியாது. நேரா வீட்டுக்குன்னா போங்க. இல்லன்னா இங்கயே நிறுத்திட்டு, யாரையாவது போன் பண்ணி வரச் சொல்லுங்க. அந்தப் பக்கம் உங்களுக்கு ஆள் இருப்பாங்கல்ல?"

இருந்தாய். நீ இருந்தாய். ரொட்டிக் கடை வாசலில் பொதுத் தொலைபேசி இருந்தது. சட்டைப் பையில் சில்லறையும் இருந்தது. உன்னைக் கூப்பிட்டிருந்தால் யாரையாவது அனுப்பியிருப்பாய். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? "தியா, நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு" என்றுதானே தொடங்க வேண்டும்? அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் நீ சொன்னது, அதுவும் ஹெடியின் சாவன்றைக்குப் பலித்ததென்று ஒத்துக்கொள்வதைவிட, நான் கல்நெஞ்சக்காரனாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது. அவ்வளவு மடத்தனம் ஒரு மனிதனுக்கு ஆகாது. எனக்கு இருந்தது.

ரொட்டிக் கடை பெஞ்சில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை ஆனதும் தொப்பியைக் கழற்றினேன். லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அரை மணி நேரம் கழித்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "வர முடியலை" என்றேன். பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை. அடுத்த நாள் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள வாய் இறுகிவிட்டது. காரை அன்றைக்கு ஷெட்டில் விட்டவன்தான். அதற்குப் பிறகு சாலைக்கு எடுக்கவில்லை.

நோட்டீஸை உறையில் வைத்தபோது நீ தேதியைப் பார்த்துவிடுவாயோ என்று பயந்தேன். பார்க்காமல் விட்டுவிடுவாயோ என்று அதைவிடப் பயந்தேன்.

தியா, நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. வா என்று கேட்க முகமில்லை. என்னை மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடு. என் மடத்தனத்துக்காக 3061 ரத்தாகக் கூடாது. பாலிஷ் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

உன்
லின்சே


ஆங்கஸ்டன்
14 ஏப்ரல் 2011

என் லின்சே,

உன் கடிதத்தை ஹெடியின் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அழுதேன். பிறகு அந்தப் போலீஸ்காரப் பெண் சாய்ந்து பார்த்த இடத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் மறுபடி அழுகை. ஹெடி இருந்திருந்தால் பன்னிரண்டு பாஸ்டி என்ன ஆயிற்று என்று முதலில் கேட்டிருப்பாள். என்ன ஆயிற்று?

கோபம் போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் என் பக்கத்தில் அந்த இடம் காலியாக இருந்தபோது நீ தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்பது இப்போது தெரிந்துவிட்டது. இனி என்னால் பழையபடி உன்னை வெறுக்க முடியாது. முயன்று பார்த்தேன், வரவில்லை.

படிவ விஷயம். நீ குறித்த கட்டத்தை அடித்துவிட்டேன். இருவர் பெயரிலும் தொடர என்ற கட்டத்தைக் குறித்திருக்கிறேன். எண்ணைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு நீ ஷெட்டில் உட்காரலாம் என்று பார்த்தாயா? அது நடக்காது. அடித்துத் திருத்திய இடத்தில் பெயர்க்காரர்கள் இருவரும் ஒரே நேரத்தில், ஒரு சமாதான நீதவான் முன்னால், சுருக்கொப்பம் வைக்க வேண்டும். சொந்தப் படிவத்துக்கு நானே சாட்சியாக இருக்க முடியாது. விதி அப்படி, நான் எழுதிய விதியில்லை. அதனால் தபாலில் முடிகிற காரியம் இல்லை இது.

போர்ட் வேக்ஃபீல்டில் மருந்துக்கடைக்காரர் சமாதான நீதவான். போன் செய்து கேட்டேன். வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். "என்ன காரியம்மா?" என்று கேட்டார். "ஒரு திருத்தம்" என்றேன்.

பிளேட் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு காலைப் பேருந்தில் வா. காரை எடுக்காதே. அந்தப் பெண் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கலாம். ரொட்டிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திரு. நான் ஹெடியின் காரில் வருகிறேன். கையெழுத்து முடிந்ததும் இந்தப் பக்கமாகத்தான் திரும்பப் போகிறோம், ஹெடியின் கல்லறைக்கு. அன்று நீ வந்து சேர வேண்டிய இடம் அதுதான். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள். நீல டப்பாவைக் கொண்டுவா, அவள் சொன்னபடி காலியாகக் கொண்டுவராதே. சாமந்தி இப்போது பூத்திருக்கும்.

அங்கிருந்து மூண்டாவுக்குப் போகிற வழியில் பழைய பிளேட்டுகளை இருவருமாகப் பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்துவிடலாம். கவுண்டர் பெண் வீட்டம்மாவைக் கூட்டிவரச் சொன்னாளே, பார்த்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் உன்னை மூண்டாவில் நானே கொண்டுவந்து விடுகிறேன். ஆப்ரிகாட் மரத்தைக் கவாத்து செய்கிற காலம் இது. உன்னிடம் விட்டால் காய்க்கிற கிளையைத்தான் வெட்டுவாய். ஒரு வாரத்துக்கு மாற்றுடை எடுத்துக்கொள்கிறேன். அதற்குமேல் என்ன என்று இப்போதே எந்தக் கட்டத்திலும் குறிக்க மாட்டேன்; கேட்காதே. ஊர்வலத்துக்கு வருவதாக மட்டும் ஜேகோவிடம் சொல்லி வை. 3061-க்குப் பின்னால் 3062-ம் வரும் என்று சொல்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், நேரமில்லை. வந்துவிடு.

இங்கே நேற்று மழை. ஹெடியின் காரில் கதவுவரை சேறு. அப்படியேதான் ஓட்டிவரப் போகிறேன். பார்த்ததும் உனக்குக் கை துறுதுறுக்கும். துணி கொண்டுவராதே.

உன்
தியா